வெட்டிவேரும் குந்தா மலைச்சரிவும்

புல்லென்றால் இழிவாகக் கருதுதல் நம்மவர் வழக்கு. கீழ்மகனைப் 'புல்லன்' என்கின்றோம். அற்பத்தன்மையைப் 'புன்மை' என்கின்றோம். ஆயின் தமிழிலக்கணம் புல்லுக்கு அளித்த இடம் சிறிதன்று. புறத்தே வயிரமுடையவற்றைப் புல்லென்றும், அகத்தே வயிரமுடையவற்றை மரமென்றும் தொல்காப்பிய மரபியல் பகுத்துக் கூறும். அம்முறையான் நோக்கின் பனையும் தெங்கும் மூங்கிலும் புல்லினமேயாம். இத்துணைப் பெருஞ் சுற்றத்தையுடைய புல்லினத்துள், தமிழ்ப்பெயரோடே கடல் கடந்து சென்று உலகமெங்கும் வழங்குவது ஒன்றுண்டு. அதுவே வெட்டிவேர். ஆங்கிலரும் பிரெஞ்சுக்காரரும் அதனை 'வெட்டிவர்' என்றே அழைக்கின்றனர். அச்சொல் தமிழினின்று போந்ததென அவர்தம் அகராதிகளே ஒப்புக்கொள்கின்றன. பல்லாண்டு வாழும் இப்புல்லை மலைநாட்டில் அழகின் பொருட்டும் மண்காப்பின் பொருட்டும் வளர்க்குமாறு எங்ஙனம் என்பதை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

மலைநாடென்று யாம் கூறுவது மஞ்சூரை. நீலகிரி மாவட்டத்துக் குந்தா வட்டத்தில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே அமைந்தது அவ்வூர். அங்கிருந்து கெத்தை வழியாகக் கோயம்புத்தூர்ப் புறத்தே இறங்கும் சாலையில் 43 கொண்டையூசி வளைவுகள் உள்ளன என்றால், அந்நிலத்தின் சாய்வு எத்தகையதென்று சமவெளி அன்பர்கள் ஒருவாறு உணரலாம். ஆங்கு வீடு கட்டுவோர் முதற்கண் மலையை வெட்டித் தளம் காண வேண்டும். வெட்டிய இடத்தின் பின்புறம் செம்மண் கரையொன்று நிமிர்ந்து நிற்கும். கோடையில் அது கரை. மழைக்காலத்தில் அது கவலை.

அக்கவலை வீண் கவலையன்று. மஞ்சூரை அடுத்த குந்தா மலைகளில் அவலாஞ்சி என்றோர் இடமுண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு நேர்ந்த பெருஞ்சரிவினாலேயே அதற்கு அவ்வாங்கிலப் பெயர் உண்டாயிற்று என்பர். அவ்விடத்தில் 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 8ஆம் நாளையொட்டி 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தமிழ்நாட்டில் ஓராண்டு முழுதும் பெய்வதே ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் என்பதை இதனோடு ஒப்பிட்டுக் காண்க. அதற்குப் பத்தாண்டுகட்கு முன்னர், 2009ஆம் ஆண்டு நவம்பரில், நீலகிரியில் நிகழ்ந்த மண்சரிவுகளில் 40 பேருக்கு மேல் மாண்டனர்.

எம் இல்லத்தின் பின்னும் அத்தகைய கரை ஒன்றுண்டு. அதற்குக் கருங்கல் தடுப்புச்சுவர் எழுப்ப எம் தந்தையார் கணக்குப் பார்த்தபோது, எம் சிறு தோட்டத்துப் பச்சைத் தேயிலையின் ஓராண்டு வருவாய் முழுவதும் அதற்குப் போதாதென்று கண்டார். அடிப்பகுதிக்கு மட்டும் சிறு சுவர் வைத்து, மேற்பகுதிக்கு வெட்டிவேர் நடத் துணிந்தார். கீழ்நாட்டிலிருந்து மூட்டை மூட்டையாகத் தூர்கள் வந்திறங்கியபோது, "புல்லைக் காசு கொடுத்து வாங்குவாரும் உளரோ!" என்று எம் பாட்டியார் நகைத்தார். மலைநாட்டில் களைபிடுங்கியே வாழ்நாளைக் கழித்தவர் வேறென் சொல்வார்?

பிற புற்களுக்கு இல்லாச் சிறப்பு இதற்கு என்னையெனின், வேரின் போக்கே. பெரும்பாலான புற்களின் வேர் மேல்மண்ணிலே பக்கவாட்டில் படரும். வெட்டிவேரின் வேரோ நேர்கீழ் நோக்கிச் சென்று, நல்ல நிலத்தில் மூன்று நான்கு மீட்டர் ஆழம் வரை இறங்கும். அவ்வேர்நாரின் இழுவலிமை மென்னெஃகின் வலிமையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கென்று மலேசியாவில் அளந்து கண்டுள்ளனர். பக்கத்தே பரவாமையான் அருகிலுள்ள தேயிலைச் செடியின் உணவை இது பறிப்பதுமில்லை. மேலே நெருங்கி நிற்கும் தாள்கள், சரிந்துவரும் நீரின் வேகத்தைத் தடுத்து, அது கொணரும் மண்ணைத் தம் மேற்புறத்தே தேக்கிக் கொள்ளும். சில ஆண்டுகளில் அவ்விடம் தானே ஒரு படியாக அமையும்.

இவ்வுண்மையை 1980-களில் உலக வங்கியைச் சார்ந்த கிரிம்ஷா, கிரீன்ஃபீல்டு என்பார் இந்தியாவில் பரப்பினர். 1993ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஆராய்ச்சிக் குழு இதனைப்பற்றித் தனி நூலே வெளியிட்டது. ஆயினும் நீலகிரிக்கு வடக்கே, கருநாடகத்துக் குண்டுலுப்பேட்டைப் பக்கத்து உழவர் தலைமுறை தலைமுறையாக இப்புல்லையே வயல் வரப்புக்கு வேலியாக வைத்திருந்தனர். நம் அயலார் முற்றத்துப் பொருளை உலகம் சுற்றிவந்து நாம் அறிந்துகொண்ட கதை இதுவொன்றன்று.

இனி நடுமுறை கூறுவோம். வெட்டிவேரை விதையினால் வளர்ப்பதில்லை. தூர் பிரித்தே நடவேண்டும். முதிர்ந்த குத்தைப் பெயர்த்து, இரண்டு மூன்று தாள்கள் சேர்ந்த சிறு சிறு தூர்களாகப் பிரித்தல் வேண்டும். தாளை ஒரு சாண் அளவும் வேரை நாலைந்து விரல் அளவும் விட்டு எஞ்சியதைக் கத்தரித்து, சாணக் கரைசலில் தோய்த்து வைத்தால் வாடாது. நடும்போது தூருக்குத் தூர் 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியே தக்கது. இடைவெளி மிகுமாயின் நீர் அவ்வழியே குடைந்துசெல்லும், வேலி வேலியாகாது. சரிவின் செங்குத்து உயரத்தில் 1 முதல் 2 மீட்டருக்கு ஒரு வரிசை அமைப்பர். வரிசை மலையைச் சுற்றிச் சமமட்டமாக ஓடவேண்டுமேயன்றி மேலும் கீழும் ஏறியிறங்கலாகாது. கண்ணளவை நம்பற்க, மலைச்சரிவில் கண் பொய் சொல்லும். கொத்தனார் மட்டம் பார்க்கும் நீர்க்குழாயைக் கொண்டு முளையடித்துக் கயிறு கட்டி நடுதலே நன்று.

காலமறிதல் இதன்கண் பெரிதும் வேண்டப்படுவது. சமவெளியார் பருவமழை தொடங்கியதும் நடுவர். குந்தா மலையில் தென்மேற்குப் பருவமழை வலுத்தபின் நட்டால், வேர் பிடிக்குமுன் தூரும் மண்ணும் ஒருங்கே பெயர்ந்துவிடும். ஆகலின் ஏப்ரல், மே மாதங்களில் பெய்யும் கோடைமழையை நம்பி நட்டு, மழையற்ற நாட்களில் குடத்து நீர் வார்த்தல் வேண்டும். குளிர்நிலத்தில் இதன் வளர்ச்சி மெல்லெனவே நிகழும். சமவெளியில் ஓராண்டில் மூடும் வரிசைக்கு ஈண்டு ஈராண்டேனும் பொறுத்திருத்தல் தகும். எம் இல்லத்துக் கரையில் முதலாண்டு மழைக்குப்பின் எண்ணியபோது நூற்றுக்கு இருபது தூர்கள் பட்டுப்போயிருந்தன. அவ்விடங்களில் மறுகோடையில் புதியன நடப்பட்டன. மூன்றாம் ஆண்டில் வரிசை கூடிற்று. அவ்வாண்டு மழையில் கரையினின்று வழிந்த நீர் செந்நிறம் நீங்கித் தெளிந்து வந்ததை எம் பாட்டியாரே முதலிற் கண்டு எம்மை அழைத்துக் காட்டினார்.

நிழல் இதற்குப் பெரும்பகை. இளமையில் நிழலிற்பட்டது நோஞ்சானாகவே நிற்கும். சில்வர் ஓக் மரத்தின் கீழ் நட்டுவிட்டுப் புல்லைப் பழித்தல் முறையன்று. முதல் இரண்டாண்டு களையெடுத்துத் தொழுவுரம் சிறிதிடுக. அதன்மேல் உரம் வேண்டுவதில்லை. ஆண்டில் இரண்டு மூன்று முறை முழங்கால் அளவில் அறுத்துவிட்டால் தாள் பக்கத்தே பெருத்து நெருங்கும். அறுத்ததைத் தேயிலைச் செடியடியில் மூடாக்காகப் பரப்பலாம். இளந்தாளை மாடும் தின்னும்.

அழகு வேண்டுவார்க்கும் இப்புல் குறைவுடையதன்று. அறுக்காது விட்ட குத்து ஆளுயரம் எழுந்து, தன் நெடிய இலையை நுனியில் மடித்துத் தொங்கவிட்டு, காற்றில் அலைபோல் புரளும். ஊதா கலந்த பூங்கதிர் அதன்மேல் எழும். வெண்குஞ்சம் போன்ற பூவுக்காகத் தென்னமெரிக்கப் பம்பாஸ் புல்லை நாடுவோர் உளர். அதன் விதை காற்றில் பறந்து பரவும். கலிபோர்னியாவிலும் நியூசிலாந்திலும் அது அடங்காக் களையாயிற்று. அழகென்றும் விறகென்றும் கொணரப்பட்ட ஸ்காட்ச் புரூமும் சீமையாட்டு வாட்டில் மரமும் நீலகிரிப் புல்வெளியை எந்நிலைக்குக் கொணர்ந்தன என்பது கண்கூடு. தென்னாட்டு வெட்டிவேரோ பூத்தும் முளைக்கும் விதை தருவதன்று. நட்ட இடம் விட்டுப் பெயராது. அன்றியும் 1999ஆம் ஆண்டில் வெல்ட்காம்ப் என்னும் அறிஞர் இதனைக் கிரைசோபோகன் என்னும் பேரினத்தோடு சேர்த்தார். அப்பேரினத்துப் புற்கள் நீலகிரியின் பழைய புல்வெளிகளில் இயல்பாகவே வளர்வன. எனவே இது மலைக்கு வந்த அந்நியனல்லன், உறவினனே எனலாம். எனினும் அப்புல்வெளிகளில் இதனை நடுதல் கூடாதென்பது எம் கருத்து. வெட்டப்பட்ட கரையே இதற்குரிய இடம்.

இப்புல்லால் ஆகாததும் உண்டு. வேர் எட்டும் ஆழத்து மண்ணையே அது பற்றும். மலையின் அடிவயிற்றில் நீர் தேங்கி, பாறையின் மேலிருந்து மண் முழுதும் வழுக்கும் பெருஞ்சரிவைத் தடுக்க அதனால் இயலாது. கரையின் உச்சியில் வடிகால் வெட்டி மழைநீரைப் பக்கத்தே திருப்பிவிடாமல் புல்லை மட்டும் நம்புதல் பேதைமை.

இன்னுமோர் இடர்ப்பாடு வேரின் மணத்தால் விளைவது. தண்ணீர்ப் பானையிலும் விசிறியிலும் சன்னல் தட்டியிலும் வெட்டிவேரை விரும்பாதார் யார்? விலையும் நன்றாகக் கிடைக்கும். வேருக்காகப் பயிரிடுவோர் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் குத்தோடு அகழ்ந்தெடுப்பர். சமவெளி மணலில் அது தக்கதே. சரிவில் அகழ்ந்தால், புல் நடாதிருந்த காலத்தினும் மண் இளகிப்போகும். எம் ஊர்ப்பக்கத்தில் ஒருவர் அங்ஙனம் வேரெடுத்து விற்ற கரை அடுத்த மழையிலேயே சாலையில் வந்து விழுந்தது. வேர் வேண்டுவோர் வீட்டருகே சமநிலத்தில், மணல் நிரப்பிய பழைய சாக்கில் இரண்டொரு தூர் வைத்து வளர்க்க, எடுப்பதும் எளிது.

டிசம்பர், சனவரியில் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழும்போது தாள் வைக்கோல் நிறமாகும். அதுகண்டு பட்டதென்று பிடுங்கற்க. உயிர்மொட்டு மண்ணுக்குள் இருக்கின்றது. கருகிய தாளையும் உடனே அறுக்காமல், பனி நீங்கும்வரை போர்வையாக விட்டுவைத்து, மார்ச்சு மாதத்தில் அறுத்தால் முதல் கோடைமழைக்குப் பச்சை தளிர்க்கும்.