‘சாப்பிடப் போலாமா?’ என்று கேட்கத் தெரிந்தவர்

எந்த ப்ராஜெக்ட் மூடப் போகிறது, எந்த டீமில் ஆள் எடுக்கிறார்கள், புது மேனேஜராக யார் வருகிறார் என்பதெல்லாம் ஹெச்.ஆர். மெயில் வருவதற்கு முன்பே ஆபீஸில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் ஒன்றும் ஒற்றர்கள் அல்ல. மதியம் தனியாகச் சாப்பிடாதவர்கள், அவ்வளவுதான். மானிட்டர் முன்னால் ஒரு கையில் தயிர்சாதம், மறு கையில் மவுஸ் என்று உட்காருகிறவருக்கு வேலை முடியும். சேதி மட்டும் வந்து சேராது.

மதியச் சாப்பாட்டை நெட்வொர்க்கிங் என்று சொன்னால் சிலருக்கு முகம் சுளிக்கும். உங்களோடு போட்டியில் இருப்பவர் சுளிப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. உங்களுக்குச் சாப்பாடும் பிடிக்க வேண்டும், எதிரே இருக்கும் ஆளும் பிடிக்க வேண்டும். காரியத்துக்காக மட்டும் வந்து உட்கார்ந்தவரை, ரசம் வருவதற்குள் மேஜையில் எல்லோரும் கண்டுகொள்வார்கள்.

1. முதலில் அந்த ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லிருந்து இருக்கிறது. நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவில் ஒரு மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்கிறது. ஒரு மணிக்கு மீட்டிங் போடும் மேனேஜரிடம் சட்டம் பேச வேண்டாம். உங்கள் கேலண்டரில் 12.30 முதல் 1.30 வரை ‘லஞ்ச்’ என்று பிளாக் செய்துவிடுங்கள். இரண்டு வாரத்தில் எல்லோரும் பழகிவிடுவார்கள்.

2. ஆளை மாற்றுங்கள். ஒரே டீம், ஒரே நாலு பேர், ஒரே புலம்பல் என்று வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. அது சுகமான மேஜை. அதைக் கலைக்க வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் வேறு டீமில் ஒருவரோடு சாப்பிடுங்கள். உங்கள் மேனேஜருக்கு மேலே இருப்பவரைத்தான் பிடிக்க வேண்டும் என்பதில்லை. ஃபைனான்ஸில் இருப்பவர், அட்மின் அக்கா, பத்து வருஷமாக அதே இடத்தில் இருக்கும் டெஸ்டிங் ஆள் என்று தேடுங்கள். கம்பெனி எப்படி ஓடுகிறது என்பது இவர்களுக்குத்தான் தெரியும். இவர்களை யாரும் அழைப்பதில்லை என்பதால் உடனே வருவார்கள்.

3. ‘ஒருநாள் லஞ்ச் போலாம்’ என்பது அழைப்பு ஆகாது, குசலம் விசாரிப்பதோடு சரி. நாள், நேரம், இடம், காரணம் நான்கும் ஒரே மெசேஜில் இருக்க வேண்டும். ‘சார், வியாழக்கிழமை 12.30-க்குக் கீழே ஃபுட் கோர்ட்ல சாப்பிடலாமா? நீங்க சப்போர்ட்ல இருந்து டெவலப்மென்ட்டுக்கு மாறின கதையைக் கேக்கணும்.’ இதற்கு மறுப்பு சொல்லும் சீனியர் குறைவு. தன் கதையைச் சொல்ல யாருக்குத்தான் ஆசை இல்லை?

4. இடம் விஷயத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். பெயர் பெற்ற மெஸ் என்று கூட்டிப் போவார்கள். அங்கே பேச முடியாது. திருவல்லிக்கேணி காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கி முறை வரும்வரை காத்திருந்துதான் உட்கார வேண்டும். சென்னையின் மற்ற மீல்ஸ் ஹோட்டல்களில் ஒரு மணிக்குப் போனால் உங்கள் நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்த ஆள் வந்து நின்றுகொள்வார். நீங்கள் மோருக்கு எப்போது வருகிறீர்கள் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது எந்தக் கரியரைப் பற்றிப் பேச முடியும்? மெஸ் சாப்பாடு ருசிக்கு. நண்பர்களோடு போங்கள், பேசாமல் சாப்பிடுங்கள், அதுவும் ஒரு சந்தோஷம். பேச வேண்டியிருந்தால் 12 மணிக்கே போங்கள். இல்லையென்றால் கூட்டம் வடிந்து இரண்டு மணிக்கு மேல் டிபன் கடைக்குப் போங்கள். திருவல்லிக்கேணி ரத்னா கஃபே மாதிரி இடத்தில் சாம்பாரில் மிதக்கும் இரண்டு இட்லி, ஒரு காபி போதும். அது 1948-லிருந்து இருக்கும் கடை, அதனால் எதிரில் இருப்பவரிடமும் அதைப் பற்றி ஒரு பழைய கதை இருக்கும்.

ஆர்டர் செய்யும்போது ஆளுக்கொரு பிளேட் என்று பிரித்துக்கொள்ளாதீர்கள். இதற்கு ஆதாரம் உண்டு. காட்லின் வுல்லி, அயெலெட் ஃபிஷ்பாக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2019-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாதவர்களை ஜோடி சேர்த்து, ஒருவர் நிர்வாகம், மற்றவர் தொழிற்சங்கம் என்று வைத்துச் சம்பளப் பேச்சுவார்த்தை நடத்தச் சொன்னார்கள். அதற்கு முன்னால் சிப்ஸும் தொட்டுக்கொள்ள சால்சாவும் கொடுத்தார்கள். ஒரே கிண்ணத்தில் எடுத்துச் சாப்பிட்டவர்கள் சராசரியாக 9 ‘வேலைநிறுத்த நாட்களில்’ உடன்பாட்டுக்கு வந்தார்கள். தனித்தனிக் கிண்ணம் வைத்துக்கொண்டவர்களுக்கு 13 ஆனது. ஆக, ஒரு பிளேட் சிக்கன் 65 அல்லது கோபி மஞ்சூரியன் நடுவில் இருக்கட்டும். கடைசித் துண்டை எதிரில் இருப்பவர் எடுக்கட்டும்.

5. க்ளையண்ட்டோடு போகிறீர்களா, இன்டர்வியூவின் நடுவே மதியச் சாப்பாடா? நண்டு, முழு மீன், நல்லி எலும்பு மூன்றையும் மறந்துவிடுங்கள். கடித்து உறிஞ்சிக்கொண்டே சம்பளம் பேச முடியாது. இலைச் சாப்பாடு என்றால் கையால் சாப்பிடுங்கள், அதற்கு மன்னிப்புக் கேட்காதீர்கள். வெளியூர்க்காரர் உடன் இருந்தால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: ‘போதும்’ என்று வாயால் சொன்னால் இங்கே பரிமாறுகிறவர் கேட்க மாட்டார், இலைக்கு மேல் கையை நீட்டி மறைக்க வேண்டும். முடிந்ததும் இலையைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும் என்பதையும் நீங்களே மடித்துக் காட்டிவிடுங்கள். சர்வரை ‘அண்ணே’ என்று கூப்பிடுகிறீர்களா, விரலைச் சொடுக்குகிறீர்களா என்பதை எதிரில் இருப்பவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

6. டிபன் பாக்ஸ் கோஷ்டிக்கு வருவோம். கேன்டீன் மேஜையில் டப்பாவை நடுவில் திறந்து வைக்கிறவருக்கு எங்கேயும் இடம் உண்டு. பிஜியில் இருக்கிறேன், என்னிடம் என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஊருக்குப் போய்வரும்போது ஒரு பாட்டில் பருப்புப் பொடி, சாத்தூர் காராசேவு, கோவில்பட்டி கடலைமிட்டாய் என்று ஏதாவது ஒன்று கொண்டு வாருங்கள். தினமும் மற்றவர் டப்பாவில் மட்டும் கை வைக்கிறவருக்குப் பின்னால் ஒரு பெயர் வைத்திருப்பார்கள்.

இங்கே ஒரு கசப்பான சங்கதியையும் சொல்லியாக வேண்டும். ‘நீங்க வெஜ்ஜா?’ என்பது நம் ஊரில் பல நேரம் வயிற்றைப் பற்றிய கேள்வி அல்ல, சாதியைப் பற்றிய கேள்வி. ‘சொந்த ஊர் எது, எந்தத் தெரு?’ என்று நீள்வதும் அதே வகை. கேட்கிறவர் சாமர்த்தியமாகக் கேட்டதாக நினைப்பார். கேட்கப்பட்டவர் ஒரு நொடியில் புரிந்துகொண்டு அடுத்த நாள் வேறு மேஜைக்குப் போவார். கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்துவது, ‘ஐயோ, இன்னிக்கும் நான்வெஜ்ஜா?’ என்று சிரிப்பது எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். நாளைக்கு டீம் லீடாக வர நினைக்கிறவர் இதில் ஒரு தடவை சறுக்கினாலே போதும், அந்த டீம் உள்ளுக்குள் அவரை விட்டுப் போய்விடும். சேர்ந்து சாப்பிட ஆள் அழைக்கும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: ‘சாப்பிடாதது ஏதாவது இருக்கா?’

7. பேச்சு. முதல் பத்து நிமிஷம் ஆபீஸ் வேண்டாம். போன் பையில் இருக்கட்டும். வம்பு வரும், வராமல் இருக்காது. கேளுங்கள், சுமக்காதீர்கள். மேனேஜரைப் பற்றி மதியம் நீங்கள் சொன்னது நாலு மணி டீக்குள் அவர் காதுக்குப் போகும். அதே சமயம், எல்லாச் சேதியையும் வாங்கிக்கொண்டு ஒன்றையும் தராதவரை யாரும் அதிக நாள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். தருவதற்கு ரகசியம்தான் வேண்டும் என்றில்லை. ஒரு நல்ல கோர்ஸ், இன்டர்னல் ஓப்பனிங், பள்ளி அட்மிஷன் விவரம், நல்ல பல் டாக்டர் என்று எதுவும் சேதிதான்.

8. பில். அழைத்தவர் கொடுக்க வேண்டும். நம் ஊரில் கல்லாப்பெட்டி முன்னால் ‘நான் தர்றேன், நான் தர்றேன்’ என்று நடக்கும் மல்யுத்தம் பார்க்கச் சகிக்காது. உண்மையிலேயே கொடுக்க நினைப்பவர் கை கழுவப் போகிற சாக்கில் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். குழுவாகப் போனால் ஒருவர் கொடுத்து, அன்றைக்கே யுபிஐயில் பங்கைக் கேட்டு வாங்கிவிடுங்கள். கேட்கத் தயங்கி மனசுக்குள் கணக்கு வைப்பதைவிட அது மரியாதை. பில்லில் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தால் அதைக் கட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறியை டெல்லி உயர் நீதிமன்றம் 2025-இல் உறுதி செய்திருக்கிறது. ஆனால் மேலதிகாரியின் முன்னால் அதற்காகக் குரல் உயர்த்த வேண்டாம். எடுக்கச் சொல்லுங்கள், எடுத்தால் சரி.

9. வீட்டுக்கு அழைப்பது அடுத்த கட்டம். இதைச் செய்கிறவர்கள் குறைவு, அதனாலேயே மதிப்பு அதிகம். ஃபுட் கோர்ட்டில் பத்து முறை பார்த்தவர், உங்கள் வீட்டில் ஒரு ஞாயிறு மதியம் உங்கள் அம்மாவோடு பேசிவிட்டால் அதற்கப்புறம் அவருக்கு நீங்கள் வெறும் எம்ப்ளாயி ஐடி அல்ல.

நாலைந்து பேர் போதும். பாஸை மட்டும் தனியாக அழைத்தால் அதற்குக் காக்கா பிடிப்பது என்று பெயர். கூட்டத்தில் ஒருவராக அழையுங்கள். நாள் பார்த்து அழையுங்கள். புரட்டாசியில் பலர் கறி தொட மாட்டார்கள். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்கள் இருப்பார்கள். ரமலான் மாதத்தில் மதிய விருந்தே வேண்டாம், தள்ளி வையுங்கள். முஸ்லிம் நண்பர் வருகிறார் என்றால் ஹலால் கடையில் வாங்குங்கள், வாங்கியதைச் சொல்லியும் விடுங்கள். அவர் கேட்கச் சங்கடப்பட வேண்டியிருக்காது.

சமையலில் சாகசம் கூடாது. ஒரு குழம்பு, ரசம், ஒரு பொரியல், அப்பளம், கெட்டித் தயிர். கறி என்றால் ஒரே ஒரு வகை, நன்றாக. பிரியாணியைக் கிலோ கணக்கில் வெளியே சொல்லி வாங்குவதிலும் தப்பில்லை. கிலோ என்பது அரிசிக் கணக்கா, வெந்த பிரியாணிக் கணக்கா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் ஏமாந்தால் பாதிப் பேருக்குத் தயிர்ப் பச்சடிதான்.

யார் சமைக்கிறார்கள் என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். மனைவியோ அம்மாவோ காலையிலிருந்து அடுப்படியில் நிற்க, நீங்கள் ஹாலில் லீடர்ஷிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் வந்தவர்கள் அதையும் பார்ப்பார்கள். முக்கியமாக உங்களோடு வேலை பார்க்கும் பெண்கள் பார்ப்பார்கள். வெங்காயம் உரிப்பதிலிருந்து பாத்திரம் கழுவுவது வரை உங்கள் கை இருக்கட்டும். ஆண்கள் முதல் பந்தி, பெண்கள் அப்புறம் என்பதெல்லாம் வேண்டவே வேண்டாம். பாத்திரங்களை நடுவில் வையுங்கள். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து தாங்களே போட்டுக்கொள்ளட்டும். மூன்றரைக்குக் காபி கொடுத்துவிடுங்கள். குடித்ததும் கிளம்பலாம் என்று வந்தவர்களுக்குப் புரியும்.

நீங்கள் விருந்தாளியாகப் போகிறீர்களா? முதல் தடவை வெறுங்கையோடு போகாதீர்கள். பழமோ பூவோ போதும். வாடகை எவ்வளவு என்று கேட்காதீர்கள். மறுநாள் நன்றி சொல்லும்போது ‘சூப்பர்’ என்று முடித்துவிடாமல், ‘அந்த வத்தக்குழம்பு’ என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். சமைத்தவர் காதுக்கு அது போய்ச் சேர வேண்டும்.

10. வேலை தேடுகிறவர்களுக்கு. ஐ.டி.யில் ரெஃபரலுக்கு எவ்வளவு பலம் என்று உங்களுக்கே தெரியும். பல கம்பெனிகளில் ஆளைக் கொண்டுவந்தவருக்குப் பணமும் கிடைக்கும். அதனால் ரெஃபரல் கேட்பது பிச்சை அல்ல. ஆனால் முதல் சாப்பாட்டில் ரெஸ்யூமை நீட்டாதீர்கள். முதல் முறை அவர் வேலையைப் பற்றிக் கேளுங்கள்: டீம் எப்படி, இன்டர்வியூவில் எதைத் தோண்டுகிறார்கள், எந்த ஸ்கில்லுக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள். அவர் சொன்னதில் ஒன்றையாவது கற்றுக்கொண்டு, அதைச் செய்து பார்த்து, இரண்டாவது முறை போங்கள். அப்போது நீங்கள் கேட்க வேண்டியிருக்காது, ‘ரெஸ்யூமை அனுப்பு’ என்று அவரே சொல்வார். சொல்லவில்லை என்றால் நேராகக் கேட்டுவிடுங்கள். வேலை இல்லாத நாட்களில் ஹோட்டலுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. அவர் ஆபீஸ் வாசலில் டீயும் பஜ்ஜியும் போதும். வீட்டுக்கே அழைத்துச் சாம்பார் சாதம் போட்டால் இன்னும் நல்லது.

11. கம்பெனி மாறுகிறீர்களா? நோட்டீஸ் பீரியடில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய ட்ரீட் கொடுத்துக் கணக்கை முடித்துவிடாதீர்கள். அந்தக் கூச்சலில் யாரோடும் ஒழுங்காகப் பேச முடியாது. முக்கியமான ஆறேழு பேரோடு தனித்தனியாகவோ இரண்டு இரண்டு பேராகவோ சாப்பிடுங்கள். மூன்று மாதம் கழித்து எங்கே, எந்தச் சனிக்கிழமை சந்திக்கிறீர்கள் என்பதை அந்த மேஜையை விட்டு எழுவதற்குள் போனில் குறித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் க்ரூப் ஆரம்பிக்காதீர்கள், அதில் குட் மார்னிங் மட்டும்தான் வரும்.