மட்டக்குதிரைக்கு ஒரு வேலை

நம் நாட்டின் வடகிழக்கு மூலையில் மணிப்பூர் மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகரம் இம்பால். சுற்றிலும் மலைகள். நடுவில் பள்ளத்தாக்கு. அங்கே ஒரு வகைக் குதிரை உண்டு. அதன் உயரம் சுமார் நான்கு அடிதான். இப்படி உயரம் குறைந்த குதிரையை மட்டக்குதிரை என்கிறோம்.

மணிப்பூர் மட்டக்குதிரை பார்க்கச் சிறியது. ஆனால் உறுதியானது. மலைப் பாதையிலும் ஏறும். சேற்று நிலத்திலும் நடக்கும். இந்தக் குதிரைக்கு இன்று ஓர் ஆபத்து வந்திருக்கிறது. அது என்ன? அதைக் காக்க என்ன வழி? படிப்போம், வாருங்கள்.

போலோ பிறந்த கதை

மணிப்பூர் மொழியில் 'சகோல்' என்றால் குதிரை. 'சகோல் காங்ஜெய்' என்பது அவர்களின் பழைய விளையாட்டு. ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். எல்லோரும் குதிரை மேல் இருப்பார்கள். கையில் நீண்ட கோல் இருக்கும். மூங்கில் வேரில் செய்த பந்தைக் கோலால் அடித்து ஓட்டுவார்கள்.

வெள்ளைக்காரர்கள் இந்த விளையாட்டைப் பார்த்தார்கள். அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. 1859ஆம் ஆண்டில் அசாமில் உள்ள சில்சாரில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அங்கிருந்து விளையாட்டு கல்கத்தாவுக்குப் போனது. பிறகு இங்கிலாந்துக்கும் போனது. இன்று உலகம் முழுவதும் அதைப் 'போலோ' என்கிறார்கள்.

அந்தக் காலத்தில் மணிப்பூர் அரசர்களின் படையிலும் இந்தக் குதிரைதான் இருந்தது.

குதிரை ஏன் குறைந்தது?

2003ஆம் ஆண்டில் கால்நடைக் கணக்கெடுப்பு நடந்தது. அப்போது மணிப்பூரில் இருந்த மட்டக்குதிரைகள் 1,898. 2012ஆம் ஆண்டில் மீண்டும் எண்ணினார்கள். 1,101 குதிரைகளே இருந்தன. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் எண்ணிக்கை உயரவில்லை.

ஏன் இப்படி ஆனது?

முதல் காரணம், மேய்ச்சல் நிலம் இல்லை. இம்பாலைச் சுற்றிப் புல் வளரும் சதுப்பு நிலங்கள் இருந்தன. குதிரைகள் அங்கே மேய்ந்தன. நகரம் வளர்ந்தது. கட்டடங்கள் வந்தன. புல் போனது. குதிரைகள் தெருவுக்கு வந்தன. குப்பையில் கிடக்கும் பிளாஸ்டிக் பையைத் தின்றன. வண்டிகளில் அடிபட்டன.

இரண்டாவது காரணம், வேலை இல்லை. இன்று மனிதர்களும் சுமைகளும் போக மோட்டார் வண்டிகள் இருக்கின்றன. போலோ விளையாடச் சில குதிரைகள் போதும். மற்றக் குதிரைகளுக்கு யார் தீனி போடுவார்கள்? ஏழைக் குடும்பம் எத்தனை நாள் சும்மா வைத்துக் காப்பாற்ற முடியும்?

மணிப்பூர் அரசு 2016ஆம் ஆண்டில் இந்தக் குதிரையைக் காக்க ஒரு கொள்கை வகுத்தது. நல்லதுதான். ஆனால் காகிதத்தில் எழுதினால் மட்டும் குதிரை பிழைக்காது. மேய நிலம் வேண்டும். செய்ய வேலையும் வேண்டும்.

குதிரை தரும் பயிற்சி

குதிரைக்கு ஒரு புது வேலை இருக்கிறது. உடல் ஊனமுற்றவர்களுக்கு உதவும் வேலை அது.

டென்மார்க் நாட்டில் லிஸ் ஹார்ட்டல் என்ற பெண் இருந்தார். குதிரை ஓட்டுவதில் வல்லவர். 1944ஆம் ஆண்டில் அவர் கர்ப்பமாக இருந்தபோது இளம்பிள்ளைவாதம் தாக்கியது. முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்தன. அவர் சோர்ந்து உட்காரவில்லை. மீண்டும் குதிரை ஏறிப் பழகினார். ஏறவும் இறங்கவும் பிறர் உதவினார்கள். 1952ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956ஆம் ஆண்டிலும் வென்றார். அதைப் பார்த்துப் பல நாடுகளில் ஊனமுற்றவர்களுக்குக் குதிரைப் பயிற்சி பரவியது.

குதிரை எப்படி உதவுகிறது? குதிரை நடக்கும்போது மேலே இருப்பவரின் இடுப்பு அசைகிறது. முன்னும் பின்னும் அசைகிறது. பக்கவாட்டில் அசைகிறது. மேலும் கீழும் அசைகிறது. நாம் நடக்கும்போதும் நம் இடுப்பு இப்படித்தான் அசையும். நடக்க முடியாத குழந்தைக்கும் குதிரை மேல் அந்த அசைவு கிடைக்கிறது. முதுகை நிமிர்த்தி உட்காரப் பழகுகிறது. விறைத்த கால்கள் சற்றுத் தளர்கின்றன.

ஏறாமலும் பயன் பெறலாம். குதிரைக்குப் புல் கொடுப்பது, உடம்பைத் தேய்த்துவிடுவது, கயிற்றைப் பிடித்து நடத்துவது ஆகியவை மனதுக்கு அமைதி தரும். இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற மேட்டு நிலம் இருக்கிறது. அங்கும் ஒரு வகை மட்டக்குதிரை உண்டு. முன்பு சுரங்கத்திலிருந்து தகரம் சுமந்தது. சுரங்க வேலை நின்றது. குதிரைகள் குறைந்தன. இப்போது ஓர் அறக்கட்டளை அவற்றைக் காக்கிறது. பள்ளியிலும் வீட்டிலும் சிரமப்படும் சிறுவர்களை அவற்றோடு பழகவிடுகிறது. சிறுவர்களுக்கும் நன்மை. குதிரைக்கும் வாழ்வு.

மணிப்பூர் மட்டக்குதிரையும் இந்த வேலைக்கு ஏற்றது. அதன் முதுகு உயரமில்லை. பக்கத்தில் நடப்பவர் குழந்தையின் இடுப்பை எளிதாகப் பிடித்துக்கொள்ளலாம். போலோ ஆடி வயதான குதிரையும் சாந்தமாக இருந்தால், பழக்கி இதற்குப் பயன்படுத்தலாம். பலருக்குக் குதிரை தேவைப்பட்டால், பலர் அதை வளர்ப்பார்கள்.

கவனம் தேவை

குதிரைப் பயிற்சி மருந்துக்குப் பதில் ஆகாது. எல்லாக் குழந்தைக்கும் ஏற்றதும் அல்ல. அடிக்கடி வலிப்பு வந்தாலோ, முதுகெலும்பில் கோளாறு இருந்தாலோ ஆபத்து. முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். தலைக்கவசம் கட்டாயம். குதிரையைப் பிடித்து ஒருவர் முன்னே நடக்க வேண்டும். குழந்தையின் இரு பக்கமும் ஆள் வேண்டும்.

குதிரையையும் வதைக்கக் கூடாது. அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது. சேணத்தின் எடையும் இதில் சேரும். வெயிலில் நீண்ட நேரம் நிறுத்தக் கூடாது. தண்ணீரும் ஓய்வும் தர வேண்டும்.

எல்லா ஊரிலும் குதிரைப் பயிற்சி கிடைக்காது. அதனால் ஊனமுற்ற குழந்தையை வீட்டுக்குள் வைத்துவிடலாமா? கூடாது. சிறு வயதிலேயே அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். பயிற்சி எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. பள்ளிக்கும் அனுப்புங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. குறைந்தது 40 சதவீத ஊனம் உள்ளதாகச் சான்று பெற்ற குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்று அது சொல்கிறது.

கணக்குப் போடுவோம்

1. 2003ஆம் ஆண்டில் 1,898 குதிரைகள். 2012ஆம் ஆண்டில் 1,101 குதிரைகள். எத்தனை குறைந்தன?
2. ஒரு மட்டக்குதிரையின் எடை 200 கிலோ. அது எத்தனை கிலோ சுமக்கலாம்? சேணம் 5 கிலோ என்றால், ஏறும் குழந்தை அதிகம் எத்தனை கிலோ இருக்கலாம்?

பேசிப் பார்ப்போம்

1. மணிப்பூரில் மட்டக்குதிரை குறைய இரண்டு காரணங்கள் எவை?
2. உங்கள் ஊரில் முன்பு இருந்த மாடு, ஆடு, கோழி வகைகளில் எவை இப்போது குறைந்துவிட்டன? ஏன்?
3. உங்கள் தெருவில் பள்ளிக்குப் போகாத ஊனமுற்ற குழந்தை உண்டா? அந்தக் குழந்தையின் பெற்றோரிடம் நாம் என்ன சொல்லலாம்?