இணைய வாணிபத்தில் தரகு

மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகரை அறியாத விவசாயி இல்லை. வாங்குபவரையும் விற்பவரையும் கூட்டிவைத்து, வியாபாரம் முடிந்தபின் தரகு பெறுவது அவர் தொழில். இணையக் கடைகளிலும் இத்தகைய தரகு இன்று பெருகியுள்ளது. 'அஃபிலியேட் மார்க்கெட்டிங்' என வழங்கும் இம்முறையை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்திருப்பது அவசியமாகும். ஏனெனில், இதன் பெயரைச் சொல்லிப் பணம் பறிப்போரும் உளர்.

அமெரிக்காவில் அமேசான் கம்பெனி புத்தகக் கடையாக மட்டும் இருந்த காலத்தில், 1996ஆம் ஆண்டில், இம்முறையைக் கையாளத் தொடங்கியது. இணையத்தளம் வைத்திருந்தோர் அதில் ஒரு நூலைப் பரிந்துரைப்பர். படித்தவர் அங்கிருந்தே கடைக்குச் சென்று வாங்கினால், பரிந்துரைத்தவருக்கு விலையில் ஒரு பங்கு கிடைக்கும்.

வாடிக்கையாளரை அனுப்பியவர் யாரென்று கடைக்காரர் அறிவது எங்ஙனம்? சந்தைத் தரகர் நேரில் நிற்கிறார். இணையத் தரகர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆகவே ஒவ்வொரு தரகருக்கும் தனிக் குறியீடு கொண்ட இணைப்பு ஒன்று தரப்படுகிறது. அதைத் தொட்டவரின் கைப்பேசியில் 'குக்கி' என்னும் சிறு குறிப்புப் பதிவாகிறது. இதற்குக் கெடு உண்டு. அமேசானில் பொதுவாக 24 மணி நேரம், வேறு சில கடைகளில் 30 நாட்கள். அதற்குள் பொருள் வாங்கப்பட்டால் தரகு கணக்கில் ஏறும். பொருள் திரும்பி வந்தால் கழிக்கப்படும். இருவருடைய இணைப்புகளைத் தொட்டிருப்பின், பெரும்பாலும் கடைசி இணைப்புக்கே தரகு சேரும். பொருளை முதலில் அறிமுகப்படுத்தியவர் வெறுங்கையோடு நிற்பார். இது நியாயமென்று நமக்குத் தோன்றவில்லை. ஆயினும் வழக்கம் அதுவே.

மகளிர் சுய உதவிக் குழு ஒன்று செக்கு நல்லெண்ணெயை இவ்வாறு விற்க முற்படுவதாகக் கொள்வோம். லிட்டர் விலை 400 ரூபாய், அடக்கம் 330, பொட்டலமும் அனுப்புகூலியும் 40. மிஞ்சுவது 30 ரூபாய். நூற்றுக்கு 10 வீதம் தரகு தர ஒப்பினால் 40 ரூபாய் போய்விடும். லிட்டருக்கு 10 ரூபாய் கைநஷ்டம். விற்பனை பெருகப் பெருக நஷ்டமும் பெருகும்! நூற்றுக்கு 5 எனில் 10 ரூபாயாவது மிஞ்சும். விளம்பரத்திற்கு முன்பணம் வேண்டியதில்லை என்னும் சௌகரியத்தில் மயங்கி, இக்கணக்கைப் பாராதிருத்தல் ஆகாது.

நம் இளைஞர்கள் தரகராவதும் தகும். ஆனால், தரகு பெறுவதை மறைத்துப் பொருளைப் புகழலாகாது; அத்தொடர்பை வெளிப்படையாகக் கூறவேண்டுமென மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் நெறிமுறை வகுத்துள்ளது.

உண்மையான தரகு விற்ற பொருளுக்கே உரியது. "சேர்வதற்குப் பணம் கட்டுங்கள், மேலும் நால்வரைச் சேர்த்தால் கமிஷன் வரும்" என்பது வாணிபமன்று. 1978ஆம் ஆண்டுச் சட்டமும் 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகளும் தடைசெய்துள்ள பணச்சுழற்சியே ஆகும். வேறு சிலர் முதலில் சில நூறு ரூபாய் கொடுத்து நம்பிக்கையூட்டி, பின்னர்ப் பெருந்தொகை கட்டச் சொல்வர். ஏமாந்தவர் வெட்கப்பட்டு ஒளிக்காமல், 1930 என்ற எண்ணுக்கு உடனே தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். பணம் பல கணக்குகளுக்குக் கைமாறிவிடுமுன் அதை முடக்கிவைக்க இயலும்.