தியேட்டரில் யாரும் கத்தவில்லை

அன்பு மாணவிக்கு,

பேச்சுப் போட்டிக்காக நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். அரசியலமைப்பின் பிரிவு 19 பற்றிய பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அரசுக்கு எதிரான பேச்சை ஏன் தண்டிக்கலாம் என்பதற்கு நீ காட்டும் ஒரே நியாயம், நிறைந்த தியேட்டரில் ‘தீ’ என்று பொய்யாகக் கூச்சலிட எவருக்கும் உரிமையில்லை என்பதுதான். மேடைக்கு மேடை இதைக் கேட்டுச் சலித்துவிட்டது. சொல்பவர்களில் பெரும்பாலோர் அந்த உவமை பிறந்த தீர்ப்பைப் புரட்டிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். சட்டம் படிக்க ஆசைப்படும் நீயும் அவர்களோடு சேரக் கூடாது.

அது 1919 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஷென்க் வழக்கு. சார்லஸ் ஷென்க் பிலடெல்பியாவில் சோஷலிஸ்ட் கட்சியின் செயலாளர். முதல் உலகப் போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு நடந்தபோது, அதை எதிர்த்து 15,000 துண்டறிக்கைகளை அச்சிட ஏற்பாடு செய்தார். அவற்றுள் பல, படைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களுக்கே தபாலில் போயின. அதில் என்ன இருந்தது தெரியுமா? அடிமைமுறையை ஒழித்த 13-ஆம் திருத்தத்தைக் கட்டாய ஆள்சேர்ப்பு மீறுகிறது என்ற வாதம். உங்கள் உரிமைகளைக் கேளுங்கள், சட்டத்தை நீக்க மனுப் போடுங்கள் என்ற வேண்டுகோள். ஆயுதம் எடுக்கச் சொல்லி ஒரு சொல் இல்லை. அந்தக் காகிதத்தால் ஓர் ஆளாவது படையில் சேராமல் நின்றார் என்று அரசு நிரூபிக்க வேண்டிய அவசியமும் நேரவில்லை. நீதிபதி ஹோம்ஸ் தியேட்டர் உவமையைச் சொன்னது இந்தத் துண்டறிக்கைக்காகத்தான். அறிக்கை பொய்யும் அல்ல, கூச்சலும் அல்ல. படிப்பவர் வீட்டில் உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்கலாம். உவமை எந்த இடத்தில் பொருந்துகிறது, சொல்! தண்டனை ஒருமனதாக உறுதியானது. அடுத்த வாரமே, ஓஹாயோவில் ஆற்றிய ஓர் உரைக்காக சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸுக்கு விதித்த பத்தாண்டுச் சிறையையும் அதே நீதிமன்றம் உறுதிசெய்தது. 1920-இல் சிறைக்குள்ளிருந்தபடியே குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற அவர் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வாங்கினார். அத்தனை பேர் ஆதரித்த அரசியலைத்தான் கூச்சல் என்று ஒதுக்கினார்கள். ஆனால் 1919 நவம்பரிலேயே ஏப்ரம்ஸ் வழக்கில் ஹோம்ஸே பெரும்பான்மையிலிருந்து விலகிப் பேச்சுரிமைக்காக எழுதிய மாற்றுத் தீர்ப்பை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. எட்டே மாதத்தில் ஒரு நீதிபதியின் சிந்தனை இவ்வளவு தூரம் நடந்திருப்பதை வேறெங்கும் நான் படித்ததில்லை. நீ மேற்கோள் காட்ட வேண்டியது அதைத்தான்.

நான் சொல்ல வருவது இதுதான்: கருத்து எவ்வளவு கொடியது என்பதை நீதிமன்றம் அளக்கக் கூடாது. பேச்சுக்கும் வன்செயலுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதையே அளக்க வேண்டும். 1969-இல் பிராண்டன்பர்க் வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே பேசியவர் கு கிளக்ஸ் கிளான் தலைவர். இனவெறி கக்கிய, அருவருப்பான பேச்சு. ஆனாலும், உடனடி வன்செயலைத் தூண்டும் நோக்கமும், அது உடனே நிகழும் வாய்ப்பும் இருந்தாலன்றித் தண்டிக்கலாகாது என்று அவரது தண்டனையை ரத்து செய்தார்கள். ‘அப்படியானால் குண்டு வெடிக்கும்வரை அரசு கைகட்டி நிற்பதா?’ என்று நீ கேட்பாய். வேண்டாம். வெடிபொருள் சேர்ப்பதும் சதி செய்வதும் தனிக் குற்றங்கள். கூட்டத்தை ஏவிவிட்டு ‘இப்போதே கொளுத்து’ என்பவனைப் பிராண்டன்பர்க்கும் காப்பாற்றாது. எஞ்சுவது வெறும் பேச்சு. அதற்குப் பதில் பேச்சுதான், சிறை அல்ல.

நம் நாடு பதற்றம் மிகுந்தது, அமெரிக்க அளவுகோல் இங்கே சரிவராது என்ற எதிர்வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பிரிவினையின் ரத்தத்தைப் பார்த்தவர்கள் அஞ்சியது இயல்பு. ஆனால் விளைவைப் பார். 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கில், கடுமையான விமர்சனம் ராஜத்துரோகம் ஆகாது, வன்முறைக்கான நோக்கமோ போக்கோ வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். எல்லோரும் இதை விடுதலைப் பத்திரமாகக் கொண்டாடுகிறார்கள். பீகாரின் பாரௌனியில் 1953-இல் பேசிய அந்தக் கேதார்நாத்தின் மேல்முறையீடு தள்ளுபடியானதை யாரும் சொல்வதில்லை! ‘போக்கு’ இருந்தால் போதும் என்றால், அது நீதிபதியின் ஊகத்துக்கு விட்ட வேலை. தூரத்தை அளந்த தீர்ப்பும் நம்மிடமே இருக்கிறது. இந்திரா காந்தி சுடப்பட்ட 1984 அக்டோபர் 31 அன்று, சண்டிகரில் நீலம் சினிமாவுக்கு எதிரே அரசு ஊழியர் இருவர் காலிஸ்தான் கோஷம் எழுப்பினார்கள். அதைவிடப் பதற்றமான நாள் ஏது? உண்மையான தியேட்டர், உண்மையான கோஷம். கூட்டம் அசையவில்லை. கீழ்நீதிமன்றம் தண்டித்தது, 1995-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. மக்கள் யாரும் எதிர்வினை காட்டாத சில கோஷங்கள் ராஜத்துரோகம் ஆகா என்பதே காரணம்.

ஆகவே தியேட்டர் உவமையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பாரௌனியையும் சண்டிகரையும் அடுத்தடுத்து வைத்து எழுது. பிறகு 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவை எடுத்துப் படி. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்த பழைய ராஜத்துரோகச் சட்டமான 124-ஏ பிரிவின் இடத்தில் இன்று இருப்பது அதுதான். பிரிவினை உணர்வை ஊக்குவிப்பதும் அதில் குற்றம்; ஆயுள் சிறைவரை தண்டனை உண்டு. அந்த உணர்வுக்கும் வன்செயலுக்கும் இடையே எவ்வளவு நெருக்கம் வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறதா? வரி வரியாகப் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்