தலைமையும் பங்குச் சந்தையும்

பங்குச் சந்தைக்கும் தோட்டத்தில் உழைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று பலர் எண்ணக்கூடும். நெகிரி செம்பிலானின் லாபு தோட்டத்து வரலாறே அதற்கு விடை கூறும்.

அத்தோட்டத்தை நடத்திய கத்ரி நிறுவனம் 1821ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தோன்றியது; அதன் பங்குகளோ இலண்டன் சந்தையில் விற்பனையாயின. டாக்டர் மகாதீர் 1981 ஜூலையில் பிரதமரானார். அவ்வாண்டு செப்டம்பர் 7ஆம் நாள் காலை, பெர்மோடாலான் நேஷனல் நிறுவனத்தின் சார்பில் தரகர்கள் அப்பங்குகளை வாங்கிக் குவித்தனர். சில மணி நேரத்தில் பெரும்பான்மை உரிமை மலேசியாவிடம் வந்தது. தோட்டத்தில் ஒரு மரமும் இடம் பெயரவில்லை. உடைமையாளர் மட்டுமே மாறினார்.

இது கொல்லைப்புற வழியாக வந்த தேசியமயம் என்று இலண்டனில் சிலர் சினந்தனர். ஆனால் பறிமுதல் வேறு, சந்தையில் விலை கொடுத்து வாங்குதல் வேறு. முதலீட்டாளர் பெரிதும் அஞ்சுவது தலைவரின் உறுதியை அன்று. நாளைய விதி யாதென்று தெரியாத நிலையையே. 2020 பிப்ரவரி 24இல் பிரதமர் பதவி விலகினார். அடுத்து ஆள்வது யார் என்பது தெளிவாகவில்லை. கோலாலம்பூர்ப் பங்குக் குறியீடு அன்று ஏறத்தாழ 2.7 விழுக்காடு சரிந்தது. கொரோனா அச்சமும் அதற்குத் துணை செய்தது.

நம் சம்பளத்தில் பிடிக்கப்படும் ஊழியர் சேமநிதிப் பணத்தின் ஒரு பகுதியும் பங்குகளில்தான் இடப்படுகிறது. எனினும் ஒரு நாள் சரிவால் நம் கணக்கிலுள்ள தொகை குறைந்துவிடாது. வழக்கமான சேமிப்புக்கு ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டிற்குக் குறையாத இலாப ஈவு சட்டப்படி உண்டு. அதற்கு மேற்பட்டது, முதலீடுகள் அவ்வாண்டு ஈட்டியதைப் பொறுத்தது.