மரங்கள் வாடுவதன் காரணமும் அவற்றைத் தேற்றும் முறையும்

ஒரு போகத்தில் பயிர் கெட்டால் அடுத்த போகத்தில் அதை ஈடு செய்து கொள்ளலாம். மரம் பட்டுப்போனாலோ அந்த இடத்தில் மற்றொன்றை ஆளாக்கப் பல வருஷங்கள் வேண்டும். மா ஒட்டுக்கன்று பலனுக்கு வர நான்கைந்து வருஷங்களும், நெட்டைத் தென்னைக்கு ஆறேழு வருஷங்களும் செல்லும். ஆகையால் வாடத் தொடங்கிய மரத்தைத் தக்க காலத்தில் தேற்றுவது குடியானவருக்குப் பெரும் லாபமாகும். ஆனால், வாடிய மரத்தைக் கண்டவுடன் குடம் குடமாக ஜலம் ஊற்றுவதே பரிகாரம் என்று அநேகர் எண்ணுகின்றனர். சில மரங்களுக்கு அதுவே உயிர். வேறு சிலவற்றிற்கு அதுவே முடிவு. இவ்விரண்டையும் பகுத்தறியும் முறையை இங்கே விவரிப்போம்.

ஏரியூர்ப் பகுதியில் இந்த அறிவு மிகவும் அவசியமானது. 1934-ல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் அடுத்துள்ள நாகமரை வரை பரவியிருப்பினும், மேட்டு நிலங்கள் மழையையும் கிணற்றையுமே நம்பியிருக்கின்றன. 2016-ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கமான அளவில் 62 சதவீதம் குறைந்தது. 1876-ஐ ஒத்த வறட்சியென்று பேசப்படும் அளவுக்கு நிலைமை முற்றி, 2017 ஜனவரியில் எல்லா ஜில்லாக்களும் வறட்சி பாதித்தவையென அரசாங்கத்தாரால் அறிவிக்கப்பட்டன. அத்தகைய காலங்களில் கிணற்றிலுள்ள சொற்ப ஜலத்தை எந்த மரத்திற்கு, எவ்வாறு கொடுப்பது என்று அறிந்தவரே தோப்பைக் காப்பாற்ற இயலும்.

வாடுதல் என்பது யாது?

மரத்திற்கும் வரவு செலவு உண்டு. வேர் நுனியிலுள்ள மெல்லிய தூவிகள் மண்ணிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது வரவு. இலைகளிலுள்ள நுண்துளைகளின் வழியே அந்த ஜலம் ஆவியாகி வெளியேறுவது செலவு. செலவு வரவை மிஞ்சும்போது இலை துவண்டு தொங்குகிறது. இதில் கவனிக்கத்தக்கது யாதெனில், மண்ணில் ஈரம் இல்லாமற்போனாலும் வரவு நிற்கும். ஈரம் இருந்தும் வேர் கெட்டுப்போனாலும் வரவு நிற்கும். மேலே தோன்றும் அடையாளம் இரண்டிற்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது.

முதலில் செய்யவேண்டிய மூன்று சோதனைகள்

1. விடியற்காலையில் மரத்தைப் பார்க்கவும். உச்சி வெயிலில் துவண்ட இலை மாலையில் நிமிர்ந்துவிட்டால் அது தற்காலிக வாட்டம். சூரியன் உதிக்குமுன்பும் இலை தொங்கிக்கொண்டிருந்தால் உடனே காரணம் தேடவேண்டும்.

2. தூரிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு அடி ஆழம் தோண்டி, மண்ணைக் கையிலெடுத்துப் பிடிக்கவும். உதிர்ந்துபோனால் வறட்சி. உருண்டையாய் நின்றால் போதிய ஈரம். விரலிடுக்கில் ஜலம் கசிந்தாலோ, துர்நாற்றம் வீசினாலோ ஜலமிகுதி. பிரிக்ஸ், ஷாண்ட்ஸ் என்ற அமெரிக்க நிபுணர் இருவர் 1912-ல் இதுபற்றி ஆராய்ந்து வெளியிட்டனர். செடி வாடும் தருணத்தில் மணலில் மிகச் சொற்ப ஈரமே எஞ்சியிருக்கும். களிமண்ணிலோ அதைவிட அதிக ஈரம் தங்கியிருந்தும் செடியால் அதை உறிஞ்ச முடிவதில்லை. ஆகையால் களிப்பான நிலத்தில் தொட்டதும் சில்லென்றிருப்பதை மட்டும் நம்பக்கூடாது.

3. சிறு கிளையின் பட்டையை நகத்தால் கீறவும். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் உண்டு. பழுப்பாக உலர்ந்திருந்தால் படிப்படியாகக் கீழே வந்து, பச்சை தொடங்கும் இடத்தைக் கண்டுகொள்க.

வறட்சியால் வாடும் மரம்

இதற்கு ஜலமே மருந்து. ஆயினும் கொடுக்கும் முறை முக்கியம். தினந்தோறும் தூரில் ஒரு குடம் ஊற்றுவதால் மேல்மண் மட்டும் நனைந்து, பெரும்பகுதி வெயிலில் ஆவியாகிவிடும். வளர்ந்த மரத்தின் உறிஞ்சும் வேர்கள் தூரையொட்டி இல்லை; கிளைகளின் நிழல் முடியும் வட்டத்தையொட்டி மிகுதியாக உள்ளன. அங்கே வட்டப்பாத்தி அமைத்து, சில நாட்களுக்கு ஒருமுறை ஆழமாக நனையும்படி பாய்ச்சுக. தென்னைக்குத் தூரிலிருந்து ஆறடி தூரம் வரை பாத்தி எடுக்கலாம். பாத்தியின் மேல் காய்ந்த சருகு, வைக்கோல், தென்னை மட்டை ஆகியவற்றை மூடாக்காகப் பரப்புக. தேங்காய் உரிமட்டைகளைக் குழிந்த பக்கம் மேல்நோக்கி அடுக்கிப் புதைத்தால் அவை ஈரத்தை நீண்ட காலம் பிடித்து வைக்கும். இளங்கன்றுகளுக்கு மேற்கு வெயில் படாதபடி ஓலை மறைப்புக் கட்டுவதும், அருகே மண்பானையைப் புதைத்து அதில் ஜலம் நிரப்பி வைப்பதும் செலவில்லாத நல்ல உபாயங்கள்.

ஜலமிகுதியால் வாடும் மரம்

வேருக்கும் சுவாசம் உண்டு. மண்ணின் இடுக்குகளெல்லாம் ஜலத்தால் அடைபட்டால் வேருக்குக் காற்றுக் கிடைக்காது. சல்லிவேர்கள் கறுத்து அழுகும். அப்பால் மரம் ஜலத்தில் நின்றுகொண்டே தாகத்தால் சாகும். அடியில் பாறையோ சுக்கானோ உள்ள செம்மண் நிலத்தில் குழி தோண்டி நட்டால், மழைக்காலத்தில் அக்குழி தொட்டிபோல ஜலத்தைத் தேக்கிக்கொள்ளும். இதற்குப் பரிகாரம்: பாய்ச்சுவதை உடனே நிறுத்துக, சரிவான பக்கம் வடிகால் வெட்டுக, தூரில் குவிந்த மண்ணை அகற்றுக. எலுமிச்சை, ஆரஞ்சு முதலியவற்றின் தூரில் ஜலம் தங்கினால் பட்டை அழுகிப் பிசின் வடியும். அவற்றிற்கு ஜலம் தூரைத் தொடாதபடி இரட்டை வட்டப் பாத்தியே உகந்தது.

தொட்டி மரங்கள்

தொட்டியில் வேர் ஓடத் தப்பும் வழியில்லை. அடித்துளை அடைபட்டிருந்தால் ஜலம் தேங்கும். துளையின் மேல் ஒரு ஓட்டுச்சில்லை வளைவாகக் கவிழ்த்து வைத்தால் அடைபடாது. மண் முற்றிலும் உலர்ந்து பக்கங்களிலிருந்து விலகியிருந்தால், ஊற்றும் ஜலம் அந்த இடுக்கின் வழியே ஓடிவிடும், வேர்க்கட்டி நனையாது. அத்தொட்டியை அகன்ற பாத்திரத்திலுள்ள ஜலத்தில் இறக்கி, குமிழிகள் எழுவது நிற்கும் வரை வைத்து, பிறகு எடுத்து நிழலில் வடியவிடவும்.

பல வருஷங்கள் ஒரே தொட்டியிலிருந்த மரத்தின் வேர்கள் சுருண்டு கயிறுபோல் சுற்றியிருக்கும். அதைச் சற்றுப் பெரிய தொட்டிக்கு மாற்றி, சுருண்ட வெளி வேர்களை நறுக்கி, செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவாகக் கலந்து நிரப்புக. நாற்றுப் பண்ணையிலிருந்து பைகளில் வரும் மா ஒட்டுக்களையும் நடுமுன் இவ்வாறே பார்த்து வாங்கவேண்டும். சுருண்ட வேரோடு நட்ட கன்று சில வருஷங்கள் வளர்ந்த பின்பும் திடீரென வாடக்கூடும். ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலேயே இருத்தல் வேண்டும்.

உரமும் உப்பும்

அளவுக்கு மிஞ்சி இரசாயன உரமிட்டாலும், உவர்ப்பான கிணற்று ஜலத்தைத் தொடர்ந்து பாய்ச்சினாலும் மண்ணில் உப்புச் சேர்ந்து, வேர் ஜலத்தை இழுக்கவொட்டாமல் தடுக்கும். இலை விளிம்பு கருகுவதும், மேல்மண்ணில் வெள்ளைப் படிவு தோன்றுவதும் இதன் குறிகள். வடிகால் உள்ள இடமானால் நல்ல ஜலத்தைத் தாராளமாக விட்டு உப்பைக் கழுவியிறக்க வேண்டும். மக்காத சாணத்தைத் தூரில் குவித்தால் கறையான் சேரும்.

பூச்சியும் வியாதியும்

மாமரத்தில் ஒரு கிளை மட்டும் வாடினால் தண்டில் துளையும் மரத்தூளும் உண்டா என்று தேடுக. தண்டுத் துளைப்பானின் புழுவைக் கம்பியால் குத்தி எடுத்து, துளையைக் களிமண்ணால் அடைக்கலாம்.

தென்னையில் வெளி மட்டைகள் மஞ்சளாகித் தொங்கி, அடிமரத்திலிருந்து செம்பழுப்புச் சாறு வடிந்தால் அது வறட்சியன்று. 1952-ல் தஞ்சாவூர் ஜில்லாவில் கண்டறியப்பட்ட தஞ்சாவூர் வாடல் நோயாகும். கானோடெர்மா என்ற காளான் வேரைத் தாக்குவதால் இது உண்டாகிறது. கோடையில் ஈரக்குறைவு ஏற்படும் தோப்புகளில் இது அதிகம். நோயுற்ற மரத்தைச் சுற்றி அகழி வெட்டிப் பிரித்து, வருஷத்திற்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இட்டு, ஒரு சதவீத போர்டோ கலவை 40 லிட்டரை வேர்ப்பாகத்தில் ஊற்றுக. 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் ஜலம் என்பது இக்கலவையின் அளவு. பட்டுப்போன மரத்தை வேரோடு அகற்றி எரித்துவிட வேண்டும்.

தேறும் காலத்தில் விலக்க வேண்டியவை

வாடிய மரம் நோயாளிக்கு ஒப்பானது. புதுத்துளிர் காணும் வரை உரமிடலாகாது. உலர்ந்த கிளைகளை மட்டும் கவாத்துச் செய்து, பச்சை இலைகளை விட்டுவைக்க வேண்டும். சுற்றிலும் ஆழ உழுது வேரை அறுக்கக் கூடாது.

கிராம அதிகாரிகளும் ஒன்றைக் கவனிப்பது நலம். பள்ளிக்கூடம், கோயில், சாவடி முதலிய இடங்களில் மரத்தின் தூர் வரை சிமெண்டுத் தளம் போடுவதால் மழை ஜலமும் காற்றும் வேருக்குச் செல்ல வழியின்றி நிழல் தரும் மரங்கள் மெலிகின்றன. தளம் போடும்போது தூரைச் சுற்றி அகலமான மண்பரப்பை விட்டுவைத்தல் வேண்டும்.

காரணம் விளங்காத இடத்தில், வேர்ப்பகுதி மண்ணையும் கிணற்று ஜலத்தையும் பாப்பாரப்பட்டியிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தாரிடம் காட்டி யோசனை கேட்கலாம். குடத்தைத் தூக்குமுன் மண்வெட்டியை எடுத்து வேரடி மண்ணைப் பார்க்கும் வழக்கத்தைக் குடியானவர்கள் கைக்கொள்வார்களாயின், அநேக மரங்கள் பிழைப்பதோடு கிணற்று ஜலமும் மிச்சமாகும்.