பனி தள்ள எந்த பிக்கப்?

கேள்வி: ஒன்ராறியோவில் இருக்கிறேன். பழைய ஃபோர்டு எஃப்-150 வாங்கி, குளிர்காலத்தில் வீடுகளுக்குப் பனி தள்ளிச் சம்பாதிக்கலாமா?

பதில்: உங்கள் வீடு, மாமா வீடு என்று நாலைந்து இடம்தான் என்றால் தாராளமாக. தொழிலாகவே செய்வதென்றால் எஃப்-250, ராம் 2500 வகைக்குப் போய்விடுங்கள். இதில் எஞ்சின் பலம் இரண்டாம்பட்சம். ஏழரை அடி இரும்பு பிளேடும் அதைத் தாங்கும் சட்டமும் சேர்ந்து வண்டியின் மூக்கில் சுமார் 300 கிலோ தொங்கும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன் அச்சு எவ்வளவு தாங்கும் என்று அதில் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். ‘ஸ்னோ ப்ளவ் பேக்கேஜ்’ உள்ள வண்டி கிடைத்தால் விடாதீர்கள். கனமான முன் ஸ்பிரிங் அதிலேயே வந்துவிடும்.

ஏற்கெனவே பனி தள்ளிய வண்டியா? டார்ச் அடித்து சேஸிஸில் துரு பாருங்கள். கியர் ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பிளேடு மாட்டியதும் பின்பக்கம் லேசாகிவிடும். பின் அச்சுக்குப் பின்னால் மணல் மூட்டை போட்டு, பிரேக் பிடித்தால் நகராதபடி கட்டுங்கள். நான்கு சக்கர இயக்கம், குளிர்கால டயர் இரண்டிலும் சிக்கனம் வேண்டாம். சாலையில் போகும்போது பிளேடு ரேடியேட்டருக்கு வரும் காற்றை மறைக்கும். வெப்பமானி முள்மேல் ஒரு கண் இருக்கட்டும்.

தள்ளிய பனியை அனுமதியின்றிச் சாலையில் கொட்டுவது ஒன்ராறியோவில் சட்டப்படி குற்றம். வணிகக் காப்புறுதி எடுக்காமல் முதல் வாடிக்கையாளரிடம் காசு வாங்காதீர்கள்.